கன அயனி மோதல்களை ஃபோட்டான்களாலும் லெப்டான் இணைகளாலும் ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஈயத்தின் இரு அணுக்கருக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் நேருக்கு நேர் மோதும்போது, சுமார் 10 ஃபெம்டோ மீட்டர் அளவுள்ள ஓர் இடத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தம் எல்லையை இழந்து குவார்க்-குளுவான் பிளாஸ்மாவாகக் கரைகின்றன. அந்த ஊடகம் ஏறத்தாழ 3×10⁻²³ நொடியில் விரிந்து, குளிர்ந்து, குவார்க்குகள் பிணைந்த ஆயிரக்கணக்கான துகள்களாக, அதாவது ஹாட்ரான்களாக, சிதறிவிடுகிறது. உணர்கருவியில் பதிவாகும் பயான், கயான், புரோட்டான் ஆகிய அனைத்தும் வலு விசைக்கு உட்பட்டவை. ஊடகத்துக்குள் இறுதிவரை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால், அவை பெரும்பாலும் ஊடகம் கலையும் கடைசிக் கட்டத்தின் நிலையையே நமக்குச் சொல்கின்றன.

ஃபோட்டான்களும், எலக்ட்ரான்-பாசிட்ரான் அல்லது மியூவான் இணைகளும் (இவையே லெப்டான் இணைகள்) அப்படிப்பட்டவை அல்ல. வலு விசை அவற்றைத் தீண்டுவதில்லை. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்ணமைப்பு மாறிலியோ 1/137 மட்டுமே. பிளாஸ்மாவுக்குள் ஒரு ஃபோட்டான் மோதலின்றிச் செல்லக்கூடிய சராசரித் தூரம் ஊடகத்தின் அளவைவிடப் பல மடங்கு அதிகம். சூரியனின் ஒளி அதன் மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல, நியூட்ரினோக்கள் அதன் மையத்தைப் பற்றிச் சொல்வதைப் போல, இங்கே ஹாட்ரான்கள் மேற்பரப்பைப் பற்றியும் ஃபோட்டான்களும் லெப்டான்களும் உட்புறத்தைப் பற்றியும் சொல்கின்றன. 1970-களிலேயே சோவியத் இயற்பியலாளர்கள் ஃபைன்பெர்க்கும் ஷூர்யாக்கும் இந்த வாய்ப்பைச் சுட்டிக்காட்டினர்.

ஆனால் இந்தத் துகள்கள் முதல் மோதலில் தொடங்கிக் கடைசிச் சிதைவு வரை எல்லாக் கட்டங்களிலும் பிறக்கின்றன, எந்தத் துகளும் தான் பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே இத்துறையில் அளவிடுதலைவிடப் பிரித்தெடுத்தலே பெரிய வேலை. கீழே தரப்படும் படிகள் அனைத்தும், எந்தப் பங்கு எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்வதற்கானவை. துகள் இயற்பியலின் அடிப்படைகளை அறிந்து, இத்துறையின் தரவுப் பகுப்பாய்வில் முதன்முறையாக இறங்கும் முதுகலை மாணவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்விக்கேற்ற துகளைத் தேர்ந்தெடுத்தல்

ஃபோட்டானுக்கு நிறை இல்லை. ஆகவே அதனிடமிருந்து கிடைப்பது உந்தம் ஒன்றுதான், அதிலும் கற்றைக்குச் செங்குத்தான குறுக்கு உந்தமே பயன்படுகிறது. லெப்டான் இணைக்கோ குறுக்கு உந்தத்தோடு மாறாநிறையும், அதாவது இரு லெப்டான்களின் ஆற்றலையும் உந்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும் நிறையும், உண்டு. இந்தக் கூடுதல் அளவின் மதிப்பைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்வது நல்லது. ஊடகம் நம்மை நோக்கி எவ்வளவு வேகமாக விரிந்து வந்தாலும் ஓர் இணையின் மாறாநிறை மாறாது, குறுக்கு உந்தமோ அந்த வேகத்தால் பெரிதும் மாறிவிடும். வெப்பநிலையை விரிவின் கலப்பில்லாமல் அறிய வேண்டுமானால் லெப்டான் இணைகளின் நிறைப் பரவலையே நாட வேண்டும். மீசான்கள் (பயானைப் போல ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஹாட்ரான்கள்) ஊடகத்துக்குள் என்ன ஆகின்றன என்ற கேள்விக்கும் அதுவே வழி. எண்ணிக்கையில் ஃபோட்டான்கள் மிக அதிகம் என்பதால், திசைவாரியான பாய்வு போன்ற நுண்ணிய கேள்விகளுக்கு அவை ஏற்றவை. இயன்றால் இரண்டையும் ஒரே தரவுத் தொகுப்பில் அளவிடுங்கள். தனித்தனி முறைகளில் கிடைத்த விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

இரண்டாம் படி: மூலங்களைக் காலவரிசைப்படி எழுதிக்கொள்ளுதல்

பகுப்பாய்வைத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூலங்களை நேர வரிசைப்படி எழுதிவையுங்கள். முதலில், அணுக்கருக்கள் ஒன்றையொன்று ஊடுருவும் கணத்திலேயே, ஒரு குவார்க்கும் குளுவானும் காம்ப்டன் முறையில் சிதறுவதாலும் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிவதாலும் உடனடி ஃபோட்டான்கள் தோன்றுகின்றன. அதே கணத்தில், குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து லெப்டான் இணையாகும் ட்ரெல்-யான் வினையால் லெப்டான் இணைகளும் தோன்றுகின்றன. இவற்றை வலு விசைக் கோட்பாட்டின் தோராயக் கணிப்புகளால் நன்றாகக் கணக்கிட முடியும். புரோட்டான்-புரோட்டான் மோதலிலும் அவை கிடைக்கின்றன என்பதால் நேரடியாக ஒப்பிடவும் முடியும். அடுத்து, ஊடகம் வெப்பச் சமநிலையை எட்டும் முன் உள்ள குறுகிய காலத்தின் கதிர்வீச்சு. அதன்பின் பிளாஸ்மாவின் வெப்பக் கதிர்வீச்சு, அதையடுத்து ஹாட்ரான் வாயுவின் வெப்பக் கதிர்வீச்சு. ஹாட்ரான் வாயுவில் ஒரு பயானும் ரோ மீசானும் மோதி ஒரு பயானும் ஃபோட்டானும் ஆவதும், இரு பயான்கள் ரோ மீசான் வழியாக ஒரு லெப்டான் இணையாவதும் முக்கியமானவை.

எல்லாம் முடிந்தபின், ஊடகத்தை விட்டு வெளியேறிய மீசான்கள் வெற்றிடத்தில் சிதைகின்றன. நடுநிலைப் பயான் 98.8% வாய்ப்பில் இரண்டு ஃபோட்டான்களாகவும், ஈட்டா மீசான் சுமார் 39% வாய்ப்பில் இரண்டு ஃபோட்டான்களாகவும் சிதைகின்றன. இந்தச் சிதைவுப் பங்கு எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். நமக்கு வேண்டிய வெப்பக் கதிர்வீச்சு அதன்மேல் படிந்த மெல்லிய படலமே.

மூன்றாம் படி: மோதலையும் கருவியையும் புரிந்துகொள்ளுதல்

மோதும் ஆற்றல் எந்த இயற்பியலைப் பார்க்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் ஹேடஸ் கருவி, அணுக்கருத்துகள் இணைக்கு 2.42 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (ஜிஇவி) என்ற ஆற்றலில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு, புரோட்டான்களும் நியூட்ரான்களும் செறிந்த, ஒப்பீட்டளவில் குளிர்ந்த ஊடகத்தை ஆராய்கிறது. செர்ன் ஆய்வகத்தின் எஸ்பிஎஸ் முடுக்கியில் ஈய அணுக்கருக்கள் 17.3 ஜிஇவி வரை மோதின. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000-இல் தொடங்கிய ஆர்எச்ஐசி முடுக்கி தங்கத்தை 200 ஜிஇவி ஆற்றலிலும், செர்னின் எல்எச்சி ஈயத்தை முதலில் 2.76, பின்னர் 5.02 டெரா எலக்ட்ரான் வோல்ட் (டிஇவி) ஆற்றலிலும் மோதவிட்டன.

ஒவ்வொரு மோதலிலும் அணுக்கருக்கள் எவ்வளவு நேராக மோதின என்பதைக் குறிக்கும் மையத்தன்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மைய மோதல்களில் வெப்பக் கதிர்வீச்சு வலுவாகவும், ஓர மோதல்களில் மெலிந்தும் இருக்கும். ஓர மோதல்கள் உள்ளமைந்த ஒப்பீட்டுத் தொகுப்பாக உதவும் என்று எண்ணத் தோன்றும், ஆனால் அங்கே ஒரு பொறி உண்டு. ஒன்றையொன்று உரசிச் செல்லும் அணுக்கருக்களின் மிகைவலு மின்காந்தப் புலங்களிலுள்ள ஃபோட்டான்கள் தமக்குள் மோதி எலக்ட்ரான் இணைகளை உருவாக்குகின்றன. சுமார் 0.15 ஜிஇவிக்கும் குறைவான குறுக்கு உந்தத்தில் குவியும் இந்த இணைகளை ஓர மோதல்களில் ஆர்எச்ஐசியின் ஸ்டார் குழு 2018-இல் தெளிவாகக் கண்டது. அவற்றுக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. வெட்டிவிட வேண்டும், அல்லது கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: ஃபோட்டான்களை அளவிடுதல்

இரண்டு முறைகள் உண்டு. மின்காந்தக் கலோரிமானி ஃபோட்டானின் முழு ஆற்றலையும் உறிஞ்சி அளக்கிறது. எல்எச்சியில் ஆலிஸ் குழுவின் ஃபாஸ் கருவியும் சிஎம்எஸ் குழுவின் கலோரிமானியும் ஈய டங்ஸ்டேட் படிகங்களால் ஆனவை. உயர் ஆற்றலில் இவற்றின் துல்லியம் மிகச் சிறப்பானது. ஆனால் கன அயனி மோதலில் துகள்கள் நெருங்கி விழுவதால், ஒரு துகள் படிகங்களில் விட்ட ஆற்றல் கொத்தின்மேல் மற்றொரு கொத்து ஏறி, ஃபோட்டானின் ஆற்றலை உயர்த்திக் காட்டும். மின்னூட்டத் துகள்களும் எதிர்நியூட்ரான்களும் ஃபோட்டான்களைப் போல வேடமிடும். கொத்தின் வடிவமும் அது வந்து சேர்ந்த நேரமும் இவற்றை நீக்க உதவும்.

இரண்டாவது, மாற்ற முறை. ஃபோட்டான் உணர்கருவியின் உட்பொருளில் பட்டு எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறும்போது அவ்விணையின் தடங்களை மீட்டெடுப்பது. ஆலிஸில் இந்த மாற்றத்தின் வாய்ப்பு 8 முதல் 9% வரைதான். இருந்தும், கலோரிமானியின் துல்லியம் குன்றும் குறைந்த உந்தப் பகுதியில், அதாவது வெப்பக் கதிர்வீச்சு வாழும் 1 முதல் 3 ஜிஇவி வரையுள்ள பகுதியில், இதுவே மேலானது. இதன் பலவீனம் ஒன்றுதான்: உட்பொருளின் பருமன் எவ்வளவு என்பதைச் சில விழுக்காட்டுத் துல்லியத்தோடு அறிந்திருக்க வேண்டும், அந்தப் பிழை முழுவதும் முடிவில் வந்து அமரும். இரண்டு முறைகளின் முறைசார் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. அதனால்தான் இரண்டையும் இணைத்துத் தரும் முடிவு மதிப்பு மிக்கதாகிறது.

ஐந்தாம் படி: சிதைவு ஃபோட்டான்களைக் கழித்தல்

அளவிட்ட மொத்த ஃபோட்டான்களிலிருந்து சிதைவு ஃபோட்டான்களை நேராகக் கழித்தால், ஆற்றல் அளவுகோலின் பிழையும் திறன் திருத்தத்தின் பிழையும் விடையைச் சிதைத்துவிடும். ஆகவே இரட்டை விகிதம் பயன்படுத்தப்படுகிறது. அளவிட்ட ஃபோட்டான்களை அளவிட்ட நடுநிலைப் பயான்களால் வகுத்து, அந்த ஈவை, சிதைவுகளிலிருந்து எதிர்பார்க்கும் ஃபோட்டான்களைப் பயான்களால் வகுத்த ஈவால் மீண்டும் வகுக்க வேண்டும். பயான்களையும் அதே கருவியிலேயே அளந்தால் பெரும்பாலான பிழைகள் மேலும் கீழும் நீங்கிவிடும். விகிதம் 1 என்றால் நேரடி ஃபோட்டான்களே இல்லை. 1-ஐ விட எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவு நேரடி ஃபோட்டான்கள்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். விகிதம் 1.15 என்று கிடைத்தால், மொத்தத்தில் நேரடிப் பங்கு 1 − 1/1.15, அதாவது சுமார் 13%. விகிதத்தின் பிழை 0.05 என்றால், நேரடிப் பங்கு 9%-ஆகவும் இருக்கலாம், 16.7%-ஆகவும் இருக்கலாம். விகிதத்தில் நான்கு விழுக்காடாகத் தெரியும் பிழை, விடையில் ஏறத்தாழ 30% பிழையாக வளர்ந்துவிட்டது. மாணவர்கள் பெரும்பாலும் புள்ளியியல் பிழையைச் சுருக்க நேரத்தைச் செலவிடுகிறார்கள். இப்பகுதியில் அந்த நேரத்தை ஈட்டா மீசானின் விளைவை (எத்தனை உருவாகின்றன என்பதை) அளப்பதிலும் உட்பொருள் அறிவைச் செம்மைப்படுத்துவதிலும் செலவிடுவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழியில் கன அயனி மோதல்களில் நேரடி ஃபோட்டான்களை முதன்முதலில் காட்டியது எஸ்பிஎஸ் முடுக்கியின் டபிள்யூஏ98 சோதனை. முடிவு 2000-இல் வெளியானது.

ஆறாம் படி: மெய்நிகர் ஃபோட்டான் வழி

ஆர்எச்ஐசியில் ஃபீனிக்ஸ் குழு ஐந்தாம் படியின் இடரைச் சுற்றிச் செல்லும் ஓர் அழகிய வழியைக் கையாண்டது. மெய்யான ஃபோட்டானைப் பிறப்பிக்கும் எந்த வினையும், சிறு நிறையுள்ள எலக்ட்ரான் இணையையும் ஒரு சிறு வாய்ப்பில் பிறப்பிக்கும். எந்த நிறையில் எத்தனை இணைகள் என்பதை 1955-இல் குரோலும் வாடாவும் தந்த சூத்திரம் சொல்கிறது. நடுநிலைப் பயானின் நிறை 135 மெகா எலக்ட்ரான் வோல்ட் (எம்இவி). ஆகவே அதன் சிதைவிலிருந்து அதற்கு மேற்பட்ட நிறையுள்ள இணை வரவே முடியாது. அந்த நிறைக்கு மேலே பார்த்தால், சிதைவுப் பின்புலத்தின் மிகப் பெரிய பகுதி தானாகவே மறைந்துவிடுகிறது. நேரடி ஃபோட்டான்களின் பங்கை மொத்தத்தில் பத்தில் ஒன்றிலிருந்து சில மடங்கு உயர்த்திப் பார்க்கும் வாய்ப்பு இது.

விலையும் உண்டு. நிறை 100-க்கும் 300 எம்இவிக்கும் இடையில், ஒவ்வோர் ஆயிரம் ஃபோட்டானுக்கும் இரண்டு இணைகூடக் கிடைப்பதில்லை. ஆகவே மிகப் பெரிய தரவுத் தொகுப்பு வேண்டும். மேலும், இணையின் குறுக்கு உந்தம் அதன் நிறையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்போதுதான் மெய்யான ஃபோட்டானாக நீட்டிக் கணிப்பது நியாயம். ஃபீனிக்ஸ் குழு 1 ஜிஇவிக்கு மேல் மட்டுமே இதைச் செய்தது.

ஏழாம் படி: சரிவை வாசித்தல்

நேரடி ஃபோட்டான்களின் பரவலிலிருந்து, புரோட்டான் மோதலின் அளவீட்டை அணுக்கருத்துகள் இணை மோதல்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கிடைத்த உடனடிப் பங்கைக் கழித்தால் எஞ்சுவது மிகை. அதைப் படிக்குறித் தேய்வாகப் பொருத்தினால் ஒரு சரிவு கிடைக்கும். ஃபீனிக்ஸ் 2010-இல் தங்க மோதல்களின் மையமான 20 விழுக்காட்டில் 221 எம்இவி என்றும், ஆலிஸ் 2016-இல் 2.76 டிஇவி ஈய மோதல்களின் அதே வகுப்பில் 297 எம்இவி என்றும் அறிவித்தன. ஆலிஸ் எண்ணின் முறைசார் பிழை 41 எம்இவி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு எம்இவி என்பது 1.16×10¹⁰ கெல்வின், எனவே 297 எம்இவி ஏறத்தாழ 3.4×10¹² கெல்வின். பிளாஸ்மா ஹாட்ரானாக மாறும் வெப்பநிலையாகச் வெளி-காலத்தைப் புள்ளிச் சட்டகமாக்கி வலு விசையைக் கணினியில் தீர்க்கும் சட்டகக் கணிப்புகள் தரும் சுமார் 156 எம்இவியைவிட இது மிக உயர்ந்தது.

ஆனால் இந்த எண்ணை "பிளாஸ்மாவின் வெப்பநிலை" என்று எழுதிவிடாதீர்கள். அது எல்லாக் கட்டங்களின் சராசரி, அதோடு ஊடகத்தின் விரிவால் நீல நகர்வுக்கு உள்ளானது. 150 எம்இவி வெப்பநிலையில் உள்ள ஓர் ஊடகம் ஒளியின் பாதி வேகத்தில் நம்மை நோக்கி விரிந்து வந்தால், சிறப்புச் சார்பியலின் டாப்ளர் காரணி 3-இன் வர்க்க மூலம், அதாவது 1.73. அளவிடப்படும் சரிவு 260 எம்இவி! தாமதமாக, குளிர்ந்து, ஆனால் வேகமாக விரியும் கட்டத்தின் ஃபோட்டான், முந்தைய வெப்பமான கட்டத்தின் ஃபோட்டானைப் போல நடிக்க முடியும். தொடக்க வெப்பநிலையை அறிய, ஊடகத்தைப் பாய்மமாகக் கருதும் நீரியக்கவியல் மாதிரியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஃபீனிக்ஸ் தரவுக்கு அத்தகைய மாதிரிகள் 300 முதல் 600 எம்இவி வரையிலான தொடக்க வெப்பநிலைகளைத் தந்தன. இந்த அகலமே, சரிவு ஒன்றை மட்டும் கொண்டு எவ்வளவு சொல்ல முடியும் என்பதைக் காட்டுகிறது.

எட்டாம் படி: லெப்டான் இணைகளும் அவற்றின் பின்புலமும்

வழிகாட்டியின் மிகக் கடினமான பகுதி இது. முதலில் லெப்டானை அடையாளம் காண வேண்டும். எலக்ட்ரான்களுக்குச் செரன்கோவ் வளைய உணர்கருவி, வாயு அறையில் ஆற்றல் இழப்பு, பறக்கும் நேரம் ஆகியவற்றில் இரண்டையேனும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஆயிரம் பயான்களில் ஒன்று எலக்ட்ரானாகத் தவறிக் கருதப்பட்டாலும் மாசு கணிசமாகிவிடும். மியூவான்களுக்குத் தடித்த உறிஞ்சு சுவர் போதுமானது. ஆனால் அச்சுவரில் மியூவான் பலமுறை சிதறுவதால் நிறைத் துல்லியம் கெடும். இந்தியம் அணுக்கருக்களை மோதவிட்ட எஸ்பிஎஸ் முடுக்கியின் என்ஏ60 சோதனை, உறிஞ்சு சுவருக்கு முன்பே காந்தப்புலத்துக்குள் சிலிக்கான் பட உணரிகளை வைத்து, மியூவானின் தடத்தைச் சிதறலுக்கு முன்பே பிடித்தது. ஒமேகா, ஃபை மீசான்கள் கூர்மையாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

அடுத்தது இணை சேர்த்தல். ஒரு மோதலில் உள்ள எந்த எலக்ட்ரான் எந்தப் பாசிட்ரானோடு பிறந்தது என்று தெரியாததால் எல்லாச் சேர்க்கைகளையும் எடுக்க வேண்டியுள்ளது. பொய்ச் சேர்க்கைகள் துகள் எண்ணிக்கையின் இருபடியாக வளரும். குறிப்புக்கும் (நாம் தேடும் மெய்யிணைகளுக்கும்) பின்புலத்துக்கும் உள்ள விகிதம் 1/200 என்று வைத்துக்கொள்வோம். 1,000 மெய்யிணைகளுக்கு 2,00,000 பொய்யிணைகள். ஒத்த அளவு பின்புலத்தைக் கழிப்பதால் வரும் புள்ளியியல் பிழை 4,00,000-இன் வர்க்க மூலம், சுமார் 632. அதாவது 63% பிழை. இதை 10%-ஆகக் குறைக்க 40 மடங்கு தரவு வேண்டும். அதைவிட அச்சுறுத்துவது, பின்புலத்தின் அளவை 0.25% தவறாக மதிப்பிட்டால் 500 இணைகள் கூடவோ குறையவோ செய்யும் என்பது. குறிப்பில் பாதி போய்விடும்.

பின்புலத்தை மதிப்பிட இரு வழிகள். ஒரே மோதலிலுள்ள ஒத்த மின்னூட்ட இணைகளை, அதாவது எலக்ட்ரான்-எலக்ட்ரான், பாசிட்ரான்-பாசிட்ரான் இணைகளை எண்ணி, அவற்றின் பெருக்குச் சராசரியை இருமடங்காக்குவது ஒன்று. வெவ்வேறு மோதல்களிலிருந்து ஒவ்வொரு லெப்டானாக எடுத்து இணைப்பது மற்றொன்று. கலப்பு முறை புள்ளியியல் பிழை ஏறத்தாழ இல்லாத மென்மையான வடிவம் தரும். ஆனால் தொடர்புடைய பொய்யிணைகளைப் பிடிக்காது. ஒரு நடுநிலைப் பயானின் இரு ஃபோட்டான்களும் தனித்தனியாக இணைகளாக மாறும்போதும், ஒரே ஜெட்டுக்குள் (ஒரே திசையில் குவிந்து பாயும் துகள் தாரைக்குள்) இரண்டு மீசான்கள் சிதையும்போதும் அவை தோன்றும். ஒத்த மின்னூட்ட முறை அவற்றையும் பிடிக்கும். ஆனால் காந்தப்புலத்தில் இரு மின்னூட்டங்களுக்கும் உணர்கருவியின் ஏற்புப்பரப்பு வேறுபடுவதால், அதற்கான திருத்தக் காரணியைக் கலப்பு மோதல்களிலிருந்து எடுக்க வேண்டும். என் பரிந்துரை: அளவை ஒத்த மின்னூட்ட முறையிலிருந்தும் திருத்தத்தைக் கலப்பு முறையிலிருந்தும் எடுங்கள்.

இதன் முக்கியத்துவத்துக்கு வரலாறே சாட்சி. ஃபீனிக்ஸ் குழு தங்க மோதல்களில் 2010-இல் வெளியிட்ட குறைநிறைப் பகுதியின் மிகையை எந்தக் கோட்பாட்டாலும் விளக்க முடியவில்லை. பின்னர் ஹாட்ரான்களைக் காணாமல் எலக்ட்ரான்களை மட்டும் காணும் புதிய செரன்கோவ் உணர்கருவியைச் சேர்த்து, தொடர்புடைய பின்புலத்தை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, 2016-இல் அதே குழு வெளியிட்ட மிகை கணிசமாகச் சிறியது. அது ஸ்டார் அளவீட்டோடும் மாதிரிகளோடும் பொருந்தியது. அந்த இரண்டாம் அளவீட்டை மேற்கொண்டவர்களின் பொறுமையை இத்துறையில் நுழையும் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: அறிந்த மூலங்களின் கலவையைக் கட்டுதல்

பின்புலம் நீங்கியபின் எஞ்சும் நிறைப் பரவலில், மோதல் முடிந்தபின் சிதையும் நடுநிலைப் பயான், ஈட்டா, ஒமேகா, ஃபை, ஜே/சை ஆகியவற்றின் பங்குகளை அளவிட்ட மீசான் விளைவுகளிலிருந்து கட்டிச் சேர்க்க வேண்டும். இவற்றில் சிரமம் தருவது சார்ம் என்னும் கனமான குவார்க். சார்ம் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் தனித்தனி டி மீசான்களாகி, ஒவ்வொன்றும் ஒரு லெப்டானைத் தந்து சிதையும்போது, அவ்விரு லெப்டான்களும் 1 முதல் 3 ஜிஇவி வரை, நாம் வெப்பக் கதிர்வீச்சைத் தேடும் அதே இடத்தில், பரந்த பின்புலமாக விழுகின்றன. எல்எச்சியில் இது வெப்பப் பங்கைவிடப் பெரியது. மாற்று வழி, தூரத்தைப் பயன்படுத்துவது. டி மீசான் சிதையும் முன் நூறு மைக்ரோமீட்டர் அளவில் நகர்வதால், அதன் லெப்டான் மோதல் புள்ளியைச் சற்று விலகிக் கடக்கும். வெப்ப லெப்டானோ நேராக அப்புள்ளியிலிருந்தே வரும். என்ஏ60 இதை வெற்றிகரமாகச் செய்து, இடைநிறைப் பகுதியின் மிகை சார்மிலிருந்து வரவில்லை என்று நிறுவியது. ஆலிஸ் 2019-2021 காலத்தில் புதுப்பித்த உள்தட உணரியும் இதே நோக்கத்துக்கு உதவுகிறது.

பத்தாம் படி: நிறைப் பகுதிகளை வாசித்தல்

1.1 ஜிஇவிக்குக் கீழே உள்ள குறைநிறைப் பகுதியின் நாயகன் ரோ மீசான். அதன் ஆயுள் 1.3 ஃபெம்டோ மீட்டரை ஒளி கடக்கும் நேரம் மட்டுமே. ஊடகமோ அதைப் போலப் பல மடங்கு காலம் வாழ்கிறது. ஆகவே ரோ ஊடகத்துக்குள்ளேயே பிறந்து, அங்கேயே சிதைந்து, தன் அங்குள்ள நிலையை லெப்டான் இணை வழியே அனுப்புகிறது. 46 ஃபெம்டோ மீட்டர் ஆயுளுள்ள ஃபை பெரும்பாலும் வெளியேறிய பின்பே சிதைகிறது.

எஸ்பிஎஸ் முடுக்கியின் செரஸ் குழு 1995-இல் கந்தக-தங்க மோதல்களில் கலவையைவிடச் சுமார் ஐந்து மடங்கு இணைகளைக் கண்டது. புரோட்டான் மோதல்களை அதே கலவை விளக்கியதால் கேள்வி கூர்மையானது. ஊடகத்தில் ரோ மீசானின் நிறை குறைகிறது என்று பிரவுன், ரோ என்ற இரு கோட்பாட்டாளர்களும், நிறை மாறாமல் அகலம் மட்டும் பெருகி அது கரைகிறது என்று ராப்பும் வாம்பாக்கும் கூறினர். செரஸின் துல்லியம் இரண்டையும் பிரிக்கப் போதவில்லை. 2006-இல் வெளியான என்ஏ60 முடிவு, மற்ற மீசான்களைக் கழித்துத் தனியே எடுத்த ரோவின் வடிவம், அகலப் பெருக்கத்துக்கே சார்பாக இருந்தது. இது கைரல் சமச்சீர்மை (குவார்க்குகளின் இடக்கை, வலக்கை நிலைகளுக்கு இடையிலான சமச்சீர்மை) மீளும்போது மீசான்கள் எவ்வாறு மாறுகின்றன என்ற அடிப்படைக் கேள்வியைத் தொடுகிறது. ஆயினும் ரோவின் துணையான ஏ1 மீசானை இன்னும் இந்த வழியில் காணாததால் அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டதாகக் கருதக் கூடாது.

1.1 முதல் 3 ஜிஇவி வரையுள்ள இடைநிறைப் பகுதிதான் வெப்பமானி. அங்கே வெப்பக் கதிர்வீச்சின் வடிவம் எளியது: நிறையின் ஒன்றரை அடுக்கைப் படிக்குறித் தேய்வால் பெருக்கியது. வெப்பநிலை 200 எம்இவி என்றால் 1.5 ஜிஇவியிலிருந்து 2.5 ஜிஇவிக்குச் செல்வதற்குள் இணைகள் சுமார் 70 மடங்கு குறையும். 250 எம்இவி என்றால் 25 மடங்கு மட்டுமே. வெப்பநிலையின் சிறு மாற்றம் வடிவத்தில் பெரிதாகத் தெரிவதால் இந்த அளவீடு கூர்மையானது, நீல நகர்வு இங்கு இல்லை என்பது கூடுதல் பலம். என்ஏ60 இவ்வழியில் 205 எம்இவி என்ற வெப்பநிலையைக் கண்டது. ஹேடஸ் 2019-இல் 2.42 ஜிஇவி மோதல்களில், குறைநிறைப் பரவலிலிருந்து, சுமார் 72 எம்இவி எனக் கண்டது.

பதினொன்றாம் படி: உயர் நிறையையும் உயர் உந்தத்தையும் அளவுகோலாக்குதல்

உயர் உந்த ஃபோட்டான்களும் இசட் போசானும் முதல் கணத்திலேயே பிறக்கின்றன; அந்த ஃபோட்டான்களும் இசட் சிதைந்து தரும் லெப்டான்களும் தடையின்றி வெளியேறுகின்றன. தங்க மோதல்களில் நடுநிலைப் பயான்கள் ஐந்து மடங்கு ஒடுங்கியிருக்க, நேரடி ஃபோட்டான்கள் ஒடுங்கவே இல்லை என்று ஃபீனிக்ஸ் 2005-இல் காட்டியது. மோதல்களின் எண்ணிக்கையை நாம் சரியாகவே கணக்கிடுகிறோம் என்பதற்கும், பயான்களின் ஒடுக்கம் ஊடகத்தால்தான் என்பதற்கும் அதுவே சான்று. ஃபோட்டானுக்கு எதிர்த் திசையில் செல்லும் ஜெட் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்பதைச் சிஎம்எஸ் குழு 2012 முதல் அளந்து வருகிறது. ஃபோட்டானின் உந்தமே அங்கு மூல அளவைச் சொல்கிறது. பாட்டம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்த உப்சிலான் மீசான் குடும்பத்தில் இறுக்கம் குறைந்த நிலைகள் அதிகமாகக் கரைகின்றன என்பதும் மியூவான் இணைகளால் அறியப்பட்டதே.

பன்னிரண்டாம் படி: பாய்வையும் கோட்பாட்டையும் ஒப்பிடுதல்

நேரடி ஃபோட்டான்கள் எந்தத் திசையில் அதிகம் என்பதை நீள்வட்டப் பாய்வின் குணகம் அளக்கிறது. ஃபீனிக்ஸ் 2012-இல் வெளியிட்ட அளவீட்டில், சுமார் 2 ஜிஇவியில் அது ஹாட்ரான்களின் பாய்வுக்கு நிகராக இருந்தது. இது ஒரு புதிர். ஃபோட்டான்கள் ஏராளமாக இருப்பதற்குத் தொடக்கத்தின் வெப்பம் தேவை, ஆனால் பாய்வு வளர்வதற்கோ காலம் தேவை. ஸ்டார் குழு அளந்த ஃபோட்டான் எண்ணிக்கை ஃபீனிக்ஸின் எண்ணிக்கையைவிடக் குறைவு, ஆலிஸின் பாய்வு அளவீடோ தன் பிழைகளுக்குள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே எந்த மாதிரியையும் ஒரு சோதனையின் எண்ணிக்கையோடு மட்டும் பொருத்திவிட்டு நின்றுவிடக் கூடாது. எண்ணிக்கை, பாய்வு, நிறைப் பரவல் ஆகிய மூன்றையும் ஒரே மாதிரி ஒரே அளபுருக்களால் விளக்க வேண்டும். அதற்கு, அர்னால்டு, மூர், யாஃபே ஆகியோர் 2001-இல் தந்த பிளாஸ்மா உமிழ்வு வீதங்களையும் ஹாட்ரான் வாயுவின் வீதங்களையும் ஊடகத்தின் ஒவ்வொரு துண்டிலும் அதன் வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் ஏற்ப உமிழவிட்டு, முழு வெளி-காலத்திலும் கூட்ட வேண்டும்.

இனி அளக்க வேண்டிய இடம் எது என்பதும் இந்த எண்களிலிருந்தே தெரிகிறது. 2.42 ஜிஇவியில் 72 எம்இவியும் 17.3 ஜிஇவியில் 205 எம்இவியும் கிடைத்துள்ள நிலையில், இடையிலுள்ள ஆற்றல்களில் வெப்பநிலை சீராக ஏறுகிறதா, அல்லது ஏதேனும் ஓர் இடைவெளியில் ஏறாமல் சமதளமாக நிற்கிறதா என்பதே கேள்வி. சமதளம் தென்பட்டால் அது முதல்வகை நிலைமாற்றத்தின் அடையாளமாகும். டார்ம்ஸ்டாட்டில் எழும் சிபிஎம் சோதனையும் எஸ்பிஎஸ் முடுக்கிக்காக முன்மொழியப்பட்டுள்ள என்ஏ60 பிளஸ் சோதனையும் இந்தப் பகுதியை நோக்கியே வடிவமைக்கப்பட்டுள்ளன. எல்எச்சிக்கான ஆலிஸ் 3 திட்டம், ரோவும் ஏ1-உம் ஒன்றோடொன்று கலக்கும் 1 ஜிஇவியை ஒட்டிய நிறைப் பகுதியைச் சார்ம் பின்புலத்திலிருந்து பிரித்துக் காணும் துல்லியத்தை நாடுகிறது.